மூன்றாம் நடை

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, புறவழிச்சாலைப் பெட்ரோல் பங்கில் காருக்கு வாரம் பதினைந்து லிட்டர், ஸ்கூட்டருக்கு நான்கு லிட்டர், மறு அறிவிப்பு வரும்வரை என்று பலகை வைத்தார்கள்.

முதல் இரண்டு வாரங்கள் தொட்டியில் கிடந்த பழைய பெட்ரோலையும் சேர்த்து ஓட்டியாயிற்று. மூன்றாம் வாரம்தான் தையலக்காவுக்குக் கணக்கு உதைத்தது.

ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டர். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நடை, கணவரை அங்கே கொண்டுபோய், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் அரைநாள் பூட்டிவைத்து, திரும்ப அழைத்துவர வேண்டும். சர்க்கரை முதலில் கண்ணில் கை வைத்தது, பிறகு காலில், கடைசியாகச் சிறுநீரகத்தில். நடைக்கு ஐந்து லிட்டரில் போய்வந்தால் பதினைந்து சரியாக இருக்கும். வண்டியோ ஆறுக்கு மேல் குடித்தது. அந்த வாரம் வியாழக்கிழமை திரும்பி வரும்போதே வீட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் முள்ளுக்கு அருகே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் இன்னும் ஒருவழிப் பயணத்துக்குத்தான் தாங்கும். சனிக்கிழமை நடை தவறிப்போயிற்று.

ஞாயிறு மாலை அவருடைய கணுக்கால் ஊதி, முகம் கனத்து, படுத்தால் மூச்சு முட்டியது. மிச்சமிருந்த பெட்ரோலில் உள்ளூர் டாக்டர் வீட்டுக்கு ஓட்டினாள். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"இந்தத் தடவை தப்பிச்சீங்க. இன்னொரு தடவை நடை விட்டுப்போச்சுன்னா என்கிட்ட தூக்கிட்டு வந்து பிரயோஜனம் இல்லம்மா."

"பெட்ரோல் இல்ல டாக்டர்."

"எனக்கும்தான் இல்ல. நானே சைக்கிள்லதான் போயிட்டு வரேன்."

பஸ் இருந்தது, காலையில் ஒன்று. மாலைவரை திரும்பாது, உட்கார இடம் கிடைப்பதும் நிச்சயமில்லை. நோயாளிகளுக்குத் தனி அனுமதி கேட்டுக் கொடுத்த மனு அலுவலகத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை ஒரு பாட்டில் பெட்ரோலை ஸ்கூட்டரிலிருந்து உறிஞ்சிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்தவள் மறுபடி கேட்கவில்லை. ரொட்டிக்காரரின் வேனுக்கு உணவு வண்டி என்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் வேன் ஆஸ்பத்திரிக்குப் போவது நடுப்பகலில்; அவருக்கு இயந்திரம் ஒதுக்கியிருந்ததோ காலை வரிசையில். திரும்பும் வழியில் மட்டும் பெரும்பாலும் வேன் இவர்களுக்குப் பின்னால் வரும்.

ஆக, பதினைந்து லிட்டரை முந்நூறு கிலோமீட்டருக்கு இழுப்பது ஒன்றுதான் வழி. துணி பற்றாக்குறையாக வந்தால் வெட்டும் விதத்தில் சட்டையைக் கொண்டுவருகிறவள் அவள். பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைத்துக் குடும்பத்தை நிறுத்தியிருக்கிறாள். பெட்ரோலையும் அப்படித்தான் பார்த்தாள்.

வண்டி சாதாரண வண்டியல்ல, டிரைவிங் ஸ்கூல் வண்டி. அவள் கணவர் டிரைவிங் வாத்தியார். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவரிடம் அடி வாங்கிய கைகள். சின்ன வெள்ளைக் கார். கூரையில் இரண்டு பக்கமும் எழுத்து எழுதிய பலகை. டிக்கியில் ரிவர்ஸ் பழக்குவதற்கான ஆரஞ்சு கோன்கள், மேட்டில் வண்டி நழுவாமல் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகள், ஒரு மூட்டை மணல். இடது இருக்கைக்கு முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் வாத்தியார் இந்தப் பக்கம் மிதிப்பார். கேபிள் இழுத்து அந்தப் பக்கத்துப் பெடலும் அமுங்கும்.

திங்கட்கிழமை பங்கு வரிசையில் நகர்ந்து நகர்ந்து பதினைந்து லிட்டர் வாங்கி வந்தவள், நேரே டிக்கியைத் திறந்தாள். கோன்கள் வெளியே வந்தன. கட்டைகள் வந்தன. மணல் மூட்டையை இழுத்துத் தொப்பென்று போட்டாள்.

வாத்தியார் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தார். நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருப்பதால் தாகத்துக்கு ஐஸ்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது குளியலறை வாசலில் கழன்று கிடந்தது. அது கழன்றதே அவருக்குத் தெரியாது.

"மணல எதுக்கு இறக்குற? மணல் இருந்தாதான் பின்பக்கம் நிதானமா இருக்கும்."

"நிதானம் நான் பாத்துக்கறேன். இது எத்தன கிலோ?"

"அது கெடக்கு. டயர்ல காத்து பாத்தியா?"

"காலைலயே அடிச்சாச்சு. கதவோரத்துல ஒட்டியிருக்கே, அந்த அளவுக்கு."

"அது எவன் சொன்னது?"

"நீங்கதான். முப்பது வருஷமா ஊருக்கே சொன்னீங்க. உங்க வண்டிக்கு மட்டும் சொல்லல. நாலு டயரும் உங்க கன்னம் மாதிரி தொளதொளன்னு கெடந்துச்சு."

அவர் ஐஸ் கட்டியைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். சிரிக்காமல் இருப்பதற்காக.

பின் சீட்டைக் கழற்ற மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தாள். ஊரில் அவனுக்கு 'நாளைக்கு' என்று பெயர். எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வான். வாத்தியாரிடம் படித்தவன் என்பதால் அன்றே வந்துவிட்டான். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். செங்கல் தூசு கொட்டியது. ஃபில்டரை மாற்றினான், பிளக்கைச் சுரண்டினான், பின் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தான். தையலக்கா அதைத் தையல் அறைக்குள் இழுத்துப் போட்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஆகும்.

"ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் சுத்திப் பாரு. எங்கயாவது பிரேக் உரசுதான்னு," என்றார் வாத்தியார்.

மெக்கானிக் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றிவிட்டான். ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் சுற்றி, தானே களைத்து நின்றது.

"வெண்ணெய் மாதிரி சுத்துது வாத்தியாரே. வண்டில ஒண்ணும் இல்ல." பிறகு தையலக்காவைப் பார்க்காமல், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இனிமே ஓட்டுறவங்க கால்லதான் இருக்கு."

"என் காலப் பத்தி நீ பேசாத. உன் பொண்டாட்டி ஜாக்கெட்டு என் காலுக்குக் கீழதான் தச்சு வந்தது."

"தப்புதான்க்கா."

மிச்சம் இருந்தது கூரைப் பலகை. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"அதுல கை வைக்காத," என்றார் வாத்தியார்.

"காத்தப் போட்டுத் தடுக்குதுன்னு நீங்கதானே நேத்து சொன்னீங்க?"

"நான் பொதுவாச் சொன்னேன். கூரைல எதையாவது கட்டிட்டுப் போறவங்களுக்கு."

"நாமளும் கட்டிட்டுத்தான் போறோம்."

"அது என் பேரு போட்ட பலகை."

ஸ்பேனர் அவள் கையில் நின்றது. மெக்கானிக் ஏதோ வேலை இருப்பதுபோல் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"பேரு எங்கயும் போகாது. உள்ள கொண்டுபோய்ச் சுவத்துல மாட்டறேன். நீங்க சனிக்கெழம அந்த மெஷினுக்குப் போயாகணும். எனக்கு அது ஒண்ணுதான் கணக்கு."

போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. மெக்கானிக் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள். பலகை கழன்ற இடத்தில் கூரையின் வெள்ளை புத்தம் புதிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ஏசி போடவில்லை. ஊருக்குள் ஜன்னலை இறக்கிக்கொண்டார்கள். நெடுஞ்சாலையில் ஏறியதும் வாத்தியார் ஏற்றச் சொன்னார். வேகத்தில் திறந்த ஜன்னல் குடை விரித்த மாதிரி, காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும் என்றார். இரண்டு பேருக்கும் வேர்வை ஊற்றியது. அவளுக்கு முதுகில். அவருக்கு இப்போதெல்லாம் நெற்றியில் மட்டும்தான் வேர்க்கும்.

வழியில் ஒரு ரயில்வே கேட், பிறகு ஒரு பெரிய மேடு, மேட்டைத் தாண்டி இறங்கினால் செங்கல் சூளை, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரி. அவர் நோயாளி என்பது வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும்தான். வண்டிக்குள் அவர் வாத்தியார்.

"ஆக்ஸிலேட்டருக்கும் உன் செருப்புக்கும் நடுவுல ஒரு முட்டை இருக்குன்னு நெனச்சுக்க."

"முட்டையெல்லாம் எதுக்கு? மெல்லிசுத் துணிக்கு மோட்டார் மிஷின எப்படி மிதிப்பேனோ அப்படித்தான் மிதிக்கறேன். வேகமா மிதிச்சா துணி சுருங்கிடும்."

"அப்ப சுருங்காம ஓட்டு. மூணாவது போதும், நாலாவதுக்கு மாத்து. இஞ்சின் முனகக் கூடாது, கத்தவும் கூடாது. அதோ லாரி நிக்குது பாரு. இப்பவே கால எடு. பிரேக் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் முன்னாடி எரிச்ச பெட்ரோலக் குப்பைல கொட்டுற."

"எடுத்துட்டேன்."

"மேட்டுல இறங்கும்போது நியூட்ரல்ல விடாத. கியர்லயே வெச்சு காலை எடுத்துடு. அப்ப இஞ்சின் ஒரு சொட்டும் குடிக்காது. நியூட்ரல்ல விட்டா குடிக்கவும் குடிக்கும், உன் பேச்சையும் கேக்காது."

"உங்கள மாதிரி."

"பிரேக்குமேல கால வெச்சுக்கிட்டே ஓட்டுறவன் யாரு தெரியுமா?"

"தெரியும். சந்தேகத்தோட குடும்பம் நடத்துறவன். கல்யாணமான புதுசுல எனக்கு வண்டி பழக்கும்போது சொன்னீங்க. அப்புறம் ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னீங்க. போன மாசம் நர்ஸ்கிட்டயும் சொன்னீங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

கேட் மூடியிருந்தால் இஞ்சினை அணைத்தாள். சரக்கு ரயில் கடந்து முடியும்வரை இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். அந்த அமைதியில் அவருடைய மூச்சு எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று அவள் காது கொடுத்துக் கேட்பாள். செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்தது. வியாழக்கிழமை போகும்போது கொஞ்சம் குட்டையாகவும், வரும்போது நன்றாகவும் இருந்தது.

அந்த வாரம் வியாழன் திரும்பி வீடு வந்து சேரும்வரை சிவப்பு விளக்கு எரியவில்லை. அவள் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல் தாண்டி எரிஞ்சா போதும். வந்து சேந்துடலாம்," என்றாள்.

"முன்னாடியே எரிஞ்சா?"

"எரியாது."

சனிக்கிழமை கிளம்பும்போது எதிர்க்காற்று. சாலையோரத்து மரங்கள் இவர்களைப் பார்த்துக் குனிந்தன. மேட்டில் ஏறும்போது அவள் கால் விரலால் மட்டும் மிதித்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, கையை ஆட்டி, ஒதுங்கிப் போனார்கள். இறக்கத்தில் கியரிலேயே காலை எடுத்தாள். நன்றாக இறங்க வேண்டிய வண்டி ஏனோ தயங்கித் தயங்கி இறங்கியது. எதிர்க்காற்று என்று நினைத்துக்கொண்டாள். செங்கல் சூளைக்கு எதிரே வந்தபோது சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கிப் பிறகு நிலையாக எரிந்தது.

ஆஸ்பத்திரி இன்னும் வரவில்லை.

வாத்தியார் அதைப் பார்த்தார். அவருடைய பக்கத்துப் பெடல் இறங்கியது; வண்டி ஓரமாக நின்றது. பல வருஷங்களாக எத்தனையோ பேரின் வண்டியை அவர் அப்படி நிறுத்தியிருக்கிறார்.

"திருப்பு. இங்கருந்துன்னா வீட்டுக்குப் போயிடலாம்."

"கால எடுங்க."

"சொல்றதக் கேளு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், ஆனா வரும்போது நடுரோட்டுல நிக்கும். இந்த வெயில்ல என்னையும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"நிக்கட்டும். வரும்போதுதானே நிக்கும். அப்ப உங்க உடம்பு சுத்தமா இருக்கும். எத்தன நேரம் வேணா உக்காந்திருப்பீங்க. இப்பத் திருப்பினா நாளைக்கு ராத்திரி எங்க உக்காருவீங்க? கால எடுங்கன்னு சொல்றேன்."

அவர் சூளைப் பக்கம் பார்த்தார். பெண்கள் பச்சைச் செங்கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பெடல் மேலே வந்தது. அவள் முதல் கியரைப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் வழக்கம்போல எடை பார்த்தார்கள், கையில் இரண்டு ஊசியைச் சொருகினார்கள். அவர் தூங்கினார். தையலக்கா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சீருடைகளுக்குப் பொத்தான் தைத்தாள். இயந்திரத்திலிருந்து இறங்கியபின் அவருக்கு உப்பில்லாத ரொட்டியும் முட்டையின் வெள்ளைக் கருவும் கொடுத்தாள்; மஞ்சள் கருவை அவள் சாப்பிட்டாள். அவர் முகத்தில் இருந்த வீக்கம் வடிந்து, மூக்கு பழையபடி கூர்மையாகத் தெரிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த மூக்கைப் பார்க்கும்போது அவளுக்கு வந்த காரியம் முடிந்தது என்று இருக்கும்.

கிளம்பும்போது ரொட்டி வேன் பின்னால் ஒட்டிக்கொண்டது. மேடு ஏறியாயிற்று, இறங்கியாயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தார். ஆனால் வளைவு வரும்போதெல்லாம் கண் திறந்து மூடியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. பழக்கத்தில் இஞ்சினை அணைத்தாள். ரயில் போனது. கேட் ஏறியது. சாவியைத் திருப்பினாள், இஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, அப்புறம் அதுவும் இல்லை.

ரொட்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். பெரிய தொப்பை, அதன்மேல் மாவுக் கறை படிந்த ஏப்ரன்.

"தீந்துடுச்சா?"

"தீந்துடுச்சு."

"தீராம என்ன செய்யும்? ஆஸ்பத்திரிலேருந்து உங்க பின்னாடிதானே வரேன். வழி பூரா பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா எப்படிக்கா தாங்கும்? பின்னாடி செவப்பு லைட்டு அணைஞ்சு நான் பாக்கவே இல்ல. மேட்டுல ஏறும்போதுகூட எரியுது. எனக்குச் சிரிப்பு வேற. வாத்தியார் பொண்டாட்டியே இப்படி ஓட்டுறாங்களேன்னு."

தையலக்காவுக்குக் காது மடல் சூடாயிற்று. "நான் பிரேக்கத் தொடவே இல்ல. உங்களுக்குக் கண்ணு சரியில்ல."

"ரெண்டு வாரமாப் பாக்கறேன்."

"லைட்டு கெட்டுப்போயிருக்கும்."

"சரி விடுங்க. கயிறு கட்டறேன். ஊர் பக்கத்துலதானே."

முன்னால் வந்து நின்ற வேனின் பின் கொக்கியில் ஒரு முனை, காரின் முன்னால் ஒரு முனை. மாவு மூட்டை கட்டும் கயிறு, மூன்று மடிப்பு. ரொட்டிக்காரர் வேனை மெல்ல நகர்த்தினார். கயிறு மண்ணிலிருந்து எழுந்து விறைத்தது. கார் நகரவில்லை. வேன் உறுமியது.

"கியர்ல இருக்கா பாருங்க."

"நியூட்ரல்."

"ஹேண்ட் பிரேக்கு?"

"எடுத்தாச்சு."

"அப்ப பிரேக்க விடுங்கக்கா. கயிறு அறுந்துடும்."

தையலக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் தரையில் இருந்தன. அவளுடைய பிரேக் பெடல் மட்டும் யாரும் மிதிக்காமலே உள்ளே அமுங்கியிருந்தது.

அவள் தலையைத் திருப்பி அவர் பக்கம் கீழே பார்த்தாள். கறுப்பு ஷூ, அவள்தான் காலையில் லேஸ் கட்டிவிட்டது, அந்தப் பக்கத்து பிரேக் பெடல்மேல் உட்கார்ந்திருந்தது. முன்னால் நெருக்கமாக வேன் நின்றதால் கால் இன்னும் விறைத்திருந்தது. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் கிளட்ச்ச சடார்னு விடறான். என்கிட்டதான் படிச்சான், பாரு," என்றார்.

"உங்க கால் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? கீழதான்."

"குனியாம சொல்லுங்க. எங்க இருக்கு?"

"தரைல."

"இப்பப் பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காலை எடுக்க முயன்று, முடியாமல், இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேலே கால்சட்டையைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். பெடல் மேலே வந்தது. அவளுடைய பெடலும் மேலே வந்தது. கார் தானாக ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

"எனக்குத் தெரியலயே," என்றார். "பெடல் தட்டுப்படவே இல்ல."

"தெரியும். செருப்பு கழண்டாலே உங்களுக்குத் தெரியல."

"போன தடவ நடை விட்டது…"

"அதப் பேச வேண்டாம்."

வழியெல்லாம் அவர் தன் வலது கணுக்காலைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார், பிடியை விட்டால் ஓடிவிடும் என்பதுபோல. வேன் இழுக்க, கார் சத்தமில்லாமல் உருண்டது. ஊர் எல்லை வரும்போது அவர்தான் முதலில் பேசினார்.

"சந்தேகத்தோட குடும்பம் நடத்துறவன்."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லல. மனசுல சொல்லிக்கிட்ட. உதடு அசஞ்சுது."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கணுக்காலை விடவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பியது அவள் அல்ல, அவர். வந்தவனிடம் முழுக்கதையையும் அவரே சொன்னார்.

"நான் சக்கரத்தச் சுத்திப் பாத்தப்ப நீங்க வாசல்ல உக்காந்திருந்தீங்க வாத்தியாரே," என்றான் மெக்கானிக். "வண்டிக்குள்ள இருந்திருந்தா கண்டுபுடிச்சிருப்பேன். அக்கா கால வேற குத்தம் சொல்லிட்டேன்."

"அதுக்கு உன் பொண்டாட்டியோட அடுத்த ஜாக்கெட்டு அளவு மாறி வரும்," என்றாள் தையலக்கா.

"வாத்தியாரு பின்னாடி சீட்டுல உக்காந்தா?" என்றான் அவன். கேட்டபிறகுதான் தையல் அறையில் கிடந்த சீட்டைப் பார்த்தான். "மாட்டிடவா?"

"வேண்டாம், அது நல்ல எடை," என்றாள். "இந்தப் பெடல்களக் கழட்டிடலாம். அதுவும் இரும்புதானே."

வாத்தியார் கார்க் கதவைத் திறந்து வைத்து, வெளியில் நின்றபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெடல்கள் இல்லையென்றால் அது பயிற்சி வண்டி ஆகாது. உடம்பு தேறினால் காலையில் ஒரே ஒரு ஆளுக்காவது சொல்லிக்கொடுக்கலாம் என்று அவர் எண்ணியிருந்ததை அவள் அறிவாள். அவர் அதை ஒரு முறைதான் சொன்னார், அதுவும் இயந்திரத்தில் படுத்திருந்தபோது, நர்ஸிடம்.

"கேபிள மட்டும் கழட்டுடா," என்றார்.

"பெடலு?"

"இருக்கட்டும். கால் வெக்க ஒரு எடம் வேணும்ல. வழக்கமாப் போற எடத்துக்குப் போயிட்டு வரட்டும். அங்க ஒண்ணும் நடக்கலன்னா போதும்."

மெக்கானிக் தையலக்காவைப் பார்த்தான். முந்தின வாரம் அவள் டிக்கியிலிருந்து ஒரு குடையைக்கூட விட்டுவைக்கவில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய பித்தளை வளையத்தைக்கூடக் கழற்றி எறிந்திருந்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "அது ஒண்ணும் பெரிய எடையில்ல."

"அப்ப நாளைக்கு…" என்று ஆரம்பித்தான் மெக்கானிக்.

"இன்னிக்கு," என்றார்கள் இரண்டு பேரும்.

திங்கட்கிழமை மெக்கானிக்கும் ரொட்டிக்காரரும் காலிக் காரைப் பங்கு வரை தள்ளினார்கள். தையலக்கா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். வாத்தியார் நடந்து வர முடியாது என்பதால் வாசலிலேயே நின்று, தள்ளுவது எப்படி என்று ரொட்டிக்காரருக்குச் சத்தமாகச் சொல்லிக்கொடுத்தார்.

"வாத்தியாரே, நீங்க ரொட்டி சுடக் கத்துக்கங்க. நானும் வந்து நின்னு சொல்றேன்," என்றார் ரொட்டிக்காரர், மூச்சு வாங்க.

அந்த வாரமும் ஏசி போடவில்லை. நெடுஞ்சாலையில் ஜன்னலைத் திறக்கவில்லை. கேட்டில் இஞ்சினை அணைத்தாள். மேட்டின் இறக்கத்தில் காலை எடுத்தபோது வண்டி தயங்காமல் இறங்கியது. அவள் அதைத் தொடையிலும் முதுகிலும் உணர்ந்தாள், புது ஊசி மாற்றிய மிஷின்போல. வளைவு வரும்போதெல்லாம் பக்கத்தில் அவருடைய பெடல் கடைசிவரை அமுங்கி, ஒன்றும் நடக்காமல் மேலே வந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் கண்ணாடியில் ரொட்டி வேன் தெரிந்தது. ரொட்டிக்காரர் ஜன்னல் வழியே கையை நீட்டி, பிரேக் விளக்கு எரியவில்லை என்று விரலை ஆட்டிக் காட்டினார்.

"என்ன சொல்றான்?" என்றார் வாத்தியார்.

"ஒழுங்காப் போறோம்னு சொல்றாரு."

"நான் சொல்லிக்கொடுத்தது அப்படி."

"ஆமா."

சனிக்கிழமை மூன்றாம் நடையில், போகும்போது, செங்கல் சூளைக்கு எதிரே இரண்டு பேரும் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் எரியவில்லை. திரும்பி வருகையில் அதே சூளையைக் கடக்கும்போது எரிந்தது. பகல் இரண்டரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள்.